அந்தப் படத்தில் இருப்பது பகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாரமலரில், உலக ஓவியங்கள் பக்கத்தில், ஒல்லாந்து (நெதர்லாந்து) ஓவியர் றெம்பிராண்ட் வரைந்த 'இரவுக் காவல்' படத்தைப் போட்டிருந்தீர்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் படத்தைக் கண்டது எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் படத்துக்குக் கீழே 'நள்ளிரவில் நகரைக் காக்கப் புறப்படும் வீரர்கள்' என்று எழுதியிருந்தது. அது பிழை. மூன்று பத்தி அகலத்துக்குள் அடக்குவதற்காகப் படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டியிருந்தீர்கள். அது அதைவிடப் பெரிய பிழை. இந்த இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதிக்காரன். பெயர்ப்பலகை எழுதுவது தொழில். பதினாறு வயதில் மாமாவிடம் பிரஷ் கழுவப் போனேன், இப்போது அறுபத்துநான்கு. கடைப் போட், பஸ் போட், கோயில் சுவர், கூத்துக்காரருக்கு முடி என்று கைக்கு வந்த எல்லாவற்றுக்கும் வர்ணம் பூசியிருக்கிறேன். டிஜிட்டல் பனர் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. சனிக்கிழமைகளில் எங்கள் வாசிகசாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் படம் கீறச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பக்கத்தை அங்கே கொண்டுவந்தது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை. "மாமா, ராத்திரி எண்டு போட்டிருக்கு. அப்ப விளக்கு எங்க?" என்று கேட்டாள்.

தேடிப் பாருங்கள். படத்தில் விளக்கு இல்லை, பந்தம் இல்லை, நிலவும் இல்லை. ஆனால் ஒரு நிழல் இருக்கிறது. நடுவில் கறுப்பு உடுப்போடு நிற்கிறவர் படைத் தலைவர், பிரான்ஸ் பானிங் கொக். அவருக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சள் உடுப்போடு நடக்கிறவர் துணைத் தலைவர், வில்லெம் வான் ரொய்டன்பேர்க். 'படையை நடத்து' என்று தலைவர் கட்டளையிடும் நேரம் அது. பேசிக்கொண்டே இடது கையை எங்களை நோக்கி நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் இருப்பவரின் மஞ்சள் அங்கியில் விழுந்து கிடக்கிறது. விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன.

நிழல் கைக்குக் கீழே, வலப்பக்கம் தள்ளி விழுகிறது. ஆகவே வெளிச்சம் இடப்பக்கம் மேலேயிருந்து வருகிறது. விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் நாலு மணி இருக்கும். ஒரு பையனை வெள்ளைச் சேட்டோடு நிறுத்தி, அவனுக்கு முன்னால் இன்னொருவனைக் கையை நீட்டச் சொன்னேன். கையைச் சேட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் இறுகுகிறது, விலக்கினால் ஓரம் கலைகிறது. அந்த நிழல் மட்டும் இல்லாவிட்டால் தலைவரின் கை அவருடைய கறுப்பு உடுப்பிலேயே ஒட்டிக் கிடக்கும். நிழல் விழுந்ததால் கை துணியை விட்டு வெளியே வருகிறது, இரண்டு பேருக்கும் நடுவில் காற்றுக்கு இடம் உண்டாகிறது, சூரியன் எங்கே நிற்கிறது என்பதும் தெரிகிறது. ஒரு கை நிழலால் இத்தனை வேலையைச் செய்து முடித்த மனிதனின் படத்துக்குத்தான் நள்ளிரவு என்று எழுதினீர்கள்.

பெயர் உங்கள் பிழை இல்லை என்று தெரியும். உலகமே அப்படித்தான் அழைக்கிறது. ஆனால் 1642இல் வரைந்து முடித்தபோது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. அது கப்டன் கொக்கின் காவற்படையைக் காட்டும் படம், அவ்வளவுதான். 'இரவுக் காவல்' என்று சொல்லத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்குள் வார்னிஷ் கறுத்துவிட்டது, மண்டபத்துப் புகையும் தூசும் அதில் ஏறிவிட்டது. இருண்ட படத்தைக் கண்டவர்கள் இரவு என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அதைச் சுத்தம் செய்தபோதுதான் பகல் வெளியே வந்தது.

இதை நான் சும்மா நம்பிவிடவில்லை. என் கையாலேயே ஒருமுறை கண்டேன். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பலகையில் வரைந்த பழைய அம்மன் படம் ஒன்று உண்டு. அம்மனுக்குப் பின்னால் ஒரே கருமை. அம்மன் நடுச்சாமத்தில் ஊர்வலம் வருகிற கோலம் அது என்று கிழவிகள் கதையே சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் சடங்குக்கு முன்னால், படம் பளபளக்க வேண்டும் என்று அதன்மேல் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுவது அங்கே வழக்கம். தூசைக்கூடத் துடைக்காமல் அடிப்பார்கள். அதற்கு முன்னால் வருடம் முழுக்க எண்ணெய் விளக்கு எரியும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, இந்த முறை நீ அடி' என்றார். நான் அடிக்கவில்லை. கீழ் மூலையில், யாரும் கவனிக்காத இடத்தில், ஈர்க்கில் பஞ்சு சுற்றி, டேர்பன்டைன் தொட்டு, ஒரு முத்திரை அளவுக்கு மெதுவாக உருட்டினேன். பஞ்சு தேயிலைச் சாயம் போல் வந்தது. நாலைந்து பஞ்சுக்குப் பிறகு கீழே நீலம் தெரிந்தது. நல்ல காலை நேரத்து நீலம். பக்கத்தில் ஒரு கொக்கின் கால். வண்ணக்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அந்த முத்திரை அளவு ஆகாயத்தையே கன நேரம் பார்த்தார். முழுப் படத்தையும் நான் துடைக்கவில்லை. அது படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, என் கைக்கு அடங்காது. ஆனால் அன்றிலிருந்து கறுத்த படத்தை இரவுப் படம் என்று நான் சொல்வதில்லை.

அப்புறம் இன்னொன்று. 'வீரர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். இவர்கள் போருக்குப் போகிற சிப்பாய்கள் அல்லர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பணக்காரர்கள், வியாபாரிகள், ஊர்க்காவல் சங்கத்தில் பதிந்தவர்கள். தங்கள் சங்க மண்டபத்தில் தொங்கவிடுவதற்காகக் காசு சேர்த்து இந்தப் படத்துக்கு ஓடர் கொடுத்தார்கள். ஆளுக்குச் சராசரி 100 கில்டர், அது அவர்களுடைய அந்தக் காலத்துக் காசு. நிற்கிற இடத்தைப் பொறுத்துக் கூடக் குறைய. படத்தில் இருக்கிற கேடயத்தில் 18 பெயர்கள் இருக்கின்றன, அவை பின்னால் சேர்க்கப்பட்டவை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கோயில் உபயப் பலகைதான் ஞாபகம் வந்தது. உபயகாரர் பெயர்களை எழுதுகிறபோது எழுத்து ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒருவர் பெயர் அரை அங்குலம் பெருத்தாலும் சண்டை. அந்தக் காலத்து ஒல்லாந்துச் சங்கப் படங்களில் அனேகமானவையும் அப்படித்தான்: வகுப்புப் படம் மாதிரி வரிசையாக முகங்கள், எல்லா முகத்திலும் ஒரே வெளிச்சம். காசு கொடுத்த ஒவ்வொருவருக்கும் முகம் தெரிய வேண்டும் அல்லவா.

றெம்பிராண்ட் அந்தப் பலகையை உடைத்தார். காசு கொடுத்த சிலரை இருட்டில் நிறுத்தினார். ஒருவருடைய முகத்துக்குக் குறுக்கே இன்னொருவரின் கை. காசு கொடுக்காதவர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார்: ஓடுகிற பையன், மேளத்தைப் பார்த்துக் குரைக்கிற நாய், இடுப்பில் கோழி தொங்கும் சின்னப் பெண். முப்பதுக்கு மேற்பட்ட உருவங்கள் அதில் இருந்தன. ஆளாளுக்கு ஒரு வேலை. இடப்பக்கத்தில் சிவப்பு உடுப்புக்காரர் துவக்குக்கு வெடிமருந்து இடுகிறார். தலைவருக்குப் பின்னால் ஒருவர் சுட்டேவிட்டார். துணைத் தலைவருக்குப் பின்னால் நிற்கிறவர் சுட்ட துவக்கின் மருந்துக் கிண்ணத்தை ஊதிச் சுத்தம் செய்கிறார். மருந்திடுவது, சுடுவது, ஊதுவது என்று ஒரு துவக்கின் மூன்று நேரங்கள் ஒரே கணத்தில் நிற்கின்றன.

இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கூத்தைவிட நல்ல வழி தெரியவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது கூத்தாடுகிற களரியைச் சுற்றிப் பெற்றோமக்ஸ் விளக்குத் தொங்கும். வடமோடிக் கூத்தில் அரசன் வரவு வருகிறபோது, அண்ணாவியார் மத்தளத்தில் அடிபோடுவார். இருட்டுக்குள்ளிருந்து அரசனின் அகன்ற கரப்புடுப்பு விளக்கு வட்டத்துக்குள் நுழையும். முதலில் முடியில் ஒட்டிய கண்ணாடித் துண்டு மின்னும், பிறகு நெற்றி, பிறகு மார்பு. பின்னால் நிற்கிற பிற்பாட்டுக்காரர்களின் மூக்கு மட்டும் தெரியும். அந்தப் படத்திலும் பின்னால் ஒரு பெரிய வளைவு வாசல் இருக்கிறது. அதற்குள் இருட்டு. ஆட்கள் அந்த இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் மட்டக்களப்புக் கோட்டை வாசல் வளைவுக்குள் ஒரு வெயில் நாளில் போய் நின்று பாருங்கள். உள்ளே கண் இருட்டும். வெளியே அடியெடுத்து வைக்கிறவரின் தோளில் மட்டும் முதலில் வெயில் ஏறும்.

கோட்டையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய அந்தக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தது 1638 மே மாதம். றெம்பிராண்ட் இந்தப் படத்தை முடித்தது 1642. நடுவில் நாலே வருடம். அதற்கும் முன்பு, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துக் கப்பல் தலைவர் கண்டி அரசனைக் காணப் புறப்பட்டு வந்து இறங்கியதும் எங்கள் கரையில்தான். அந்தப் படத்தில் கழுத்தில் வெள்ளைப் பட்டையும் இடுப்பில் வாளுமாக நிற்கிறவர்களின் நாட்டுக்காரர்கள்தான் இங்கே மதிலில் பீரங்கி வைத்தவர்கள். எங்கள் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் 1638ஐப் பாடமாக்குகிறார்கள். அந்த ஆட்களின் முகம் எப்படி இருந்தது, என்ன நிறத்தில் உடுத்தார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் அந்தப் படம் உங்கள் பத்திரிகையில் பிழையாக வந்தது என்னை இவ்வளவு சுட்டது.

நிறத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது. பஸ் போட் எழுதுகிற எவரையும் கேளுங்கள்: தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றால் மஞ்சளில் கறுப்பு. மாமா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. றெம்பிராண்ட் அதை, இன்றைய அளவில் பன்னிரண்டு அடிக்கு மேல் உயரமும் பதினைந்து அடிக்குக் கிட்ட அகலமும் உள்ள சீலையில் செய்திருக்கிறார். கறுப்பு உடுப்புத் தலைவரை இரண்டு மஞ்சளுக்கு இடையில் நிறுத்தி, ஒரு பக்கம் மஞ்சள் துணைத் தலைவர், மறுபக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி மஞ்சள் உடுப்புச் சின்னப் பெண். கண் இந்த மஞ்சளில் ஏறி அந்த மஞ்சளுக்குத் தாவுகிறது. தாவுகிற வழியில் தலைவரின் முகத்தைத் தொடாமல் போக முடியாது. சிவப்பும் அப்படித்தான். மருந்திடுகிறவரின் உடுப்பில் பெரிதாக ஒரு சிவப்பு. அதே சிவப்பு தலைவரின் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையாக மெலிந்து வருகிறது. பொதுவாக ஒரு படத்தில் கறுப்பு பின்னுக்குப் போகும், வெளிர் நிறம் முன்னுக்கு வரும். இங்கே கறுப்பு மனிதர் பின்னுக்குப் போகவே இல்லை. அவரைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சிவப்புப் பட்டையும், கழுத்து வெள்ளையும், நான் முதலில் சொன்ன அந்தக் கையும்தான்.

அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிப் பிள்ளைகள் அதிகம் கேட்டார்கள். அவளுடைய இடுப்பில் தலைகீழாகத் தொங்குகிற கோழியின் கால்நகம்தான் அந்தச் சங்கத்தின் சின்னம். அவள் ஒரு கொடி மாதிரி. ஆனால் அவள்மேல் விழுகிற வெளிச்சத்துக்குக் கணக்கு இல்லை. அவ்வளவு ஆட்களுக்குப் பின்னால் நிற்கிறாள், அவளுக்கு அவ்வளவு வெயில் கிடைக்கவே கூடாது. தலைவரின் கை நிழலில் சூரியக் கணக்கை அவ்வளவு கச்சிதமாகப் போட்டவர், இவளிடம் வரும்போது கணக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டார். எனக்கு இந்தப் படத்தில் ஆகப் பிடித்த இடம் அதுதான்.

2019 ஐப்பசியில் அந்தப் படத்தை நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அக்காவின் மகன் ஒல்லாந்தில் இருக்கிறான். அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். அந்த வருடம்தான் அருங்காட்சியகத்தில் படத்தைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, சனங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நேராகப் பார்த்தேன். பிறகு பக்கவாட்டாக மெதுவாக நடந்தேன். அப்போதுதான் கண்டேன், துணைத் தலைவரின் அங்கிப் பூவேலை வழவழப்பாக இல்லை. வர்ணம் வரம்பு வரம்பாக மேலெழும்பி நிற்கிறது. கோபுரச் சுதைவேலையில் ஆபரணத்தைக் கரண்டி நுனியால் எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. மண்டபத்து வெளிச்சம் அந்த வரம்புகளில் உண்மையாகவே பட்டுத் தெறிக்கிறது. பொன் சரிகையைக் கீறியதோடு நிற்காமல், சரிகை செய்கிற வேலையை வர்ணத்தையே செய்ய வைத்திருக்கிறார். அவருடைய கறுப்பு இடங்களோ மெல்லிய பூச்சு. மாமா சொல்வார்: 'நிழலுக்குத் தண்ணி மாதிரி, வெளிச்சத்துக்குத் தயிர் மாதிரி.' மாமா றெம்பிராண்டைக் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த ஆராய்ச்சியில் வந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். சரிகை மினுங்குகிற இடங்களில் ஆர்செனிக் கலந்த மஞ்சளும் செம்மஞ்சளும் இருப்பதாக 2024இல் கண்டுபிடித்தார்கள். ஆர்செனிக் மஞ்சளுக்குத் தமிழில் பழைய பேர் அரிதாரம். கூத்தாடுகிறவர் முகத்தில் பூசுவதை நாங்கள் இன்றும் அரிதாரம் என்றுதான் சொல்கிறோம். பூசுகிற சாமான் மாறிவிட்டது, பேர் மாறவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது கூத்தில் இளவரசனுக்கு ஆடுகிற பையன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

சரி, வெட்டுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் வந்த படத்தில், இடப்பக்கத்தில் மருந்துக் கொம்போடு ஓடுகிற பையன் இல்லை. சிவப்பு உடுப்புக்காரரின் பாதி இல்லை. வலப்பக்கத்தில் மேளகாரரும் நாயும் இல்லை. மூன்று ஆட்கள் நேராக நின்று படம் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. இந்தப் படத்துக்கு இது முதல் வெட்டு அல்ல. 1715இல் சங்க மண்டபத்திலிருந்து நகர மண்டபத்துக்கு மாற்றியபோது, இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருந்த சுவரில் கொள்ளவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கத்தில் 60 சென்ரிமீற்றர், மேலே 22, கீழே 12, வலப்பக்கத்தில் 7. வெட்டிய துண்டுகள் கிடைக்கவே இல்லை. நல்ல காலம், வெட்டுவதற்கு முன்னால் லுண்டன்ஸ் என்ற ஓவியர் சின்ன அளவில் ஒரு பிரதி செய்திருந்தார். அதை வைத்து 2021இல் கணினியால் அந்த ஓரங்களைத் திரும்ப உருவாக்கி, படத்தைச் சுற்றிப் பொருத்திக் காட்டினார்கள்.

அந்த முழுப் படத்தைப் பார்த்தபோதுதான் வெட்டு என்ன செய்தது என்று எனக்கு விளங்கியது. இப்போது தலைவர் கிட்டத்தட்ட நடுவில் நிற்கிறார். ஆனால் றெம்பிராண்ட் அவரை நடுவில் வைக்கவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். அவர்கள் இரண்டு பேரும் நடப்பது இடப்பக்கம் நோக்கி. அந்தப் பக்கத்தில் வெறும் இடம் விட்டிருந்தார், அவர்கள் நடந்து போவதற்கு. போட் எழுதுகிறவனுக்கு இது உடனே விளங்கும். பலகையில் அம்புக்குறி போட்டால் அதன் நுனிக்கு முன்னால் இடம் விட வேண்டும். நுனி பலகை ஓரத்தில் முட்டினால் அம்பு போகாது, நின்றுவிடும். 1715இல் வெட்டியவர்கள் அந்த அம்பின் நுனியில் பலகையை வெட்டினார்கள். உங்கள் பக்கத்தை அமைத்தவர் மிச்சத்தையும் வெட்டினார். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. பத்தி அகலத்துக்குப் படத்தை அடக்குகிற நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் படத்தைச் சின்னதாகப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, முழுசாகப் போட்டிருக்கலாம். சின்னப் படத்தில் முகம் தெரியாது, ஆனால் ஆட்கள் நடப்பது தெரியும்.

ஆகவே எனது வேண்டுகோள். அந்தப் படத்தை இன்னொரு முறை போடுங்கள். நல்ல படம் தேடி அலைய வேண்டியதில்லை. அருங்காட்சியகம் 2022இல் 717 கிகாபிக்சல் அளவில் ஒரு படத்தை இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. மகனின் கணினியில் நான் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் கோழியின் நகம் வரைக்கும் போய்ப் பார்த்தேன், வெடிப்பு வெடிப்பாகத் தெரிகிறது. அச்சில் கபில நிறம் ஏறாமல் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் மஞ்சளாக வர வேண்டும், கை நிழல் தெரிய வேண்டும். 2024 கடைசியில் அவர்கள் பழைய வார்னிஷை எடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். அந்த வேலை முடிகிறபோது படம் இன்னும் வெளிச்சமாகலாம். அந்த நேரத்தில் எங்கள் பத்திரிகை அதை நள்ளிரவு என்று எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

முடிந்தால் நடுப்பக்கத்தில், இரண்டு பக்க அகலத்துக்குப் போடுங்கள். இடப்பக்கத்து ஓரம் சேர்த்த முழுப் படத்தைப் போட்டால் ஒரு வசதியும் உண்டு. வெட்டிய படத்தைப் போட்டால் பத்திரிகையின் மடிப்புத் தலைவரின் முகத்துக்குக் கிட்ட விழும். முழுப் படத்தைப் போட்டால் மடிப்பு அவருக்கு இடப்பக்கமாகத் தள்ளிப் போய்விடும், முகமும் கையும் கிழியாது. நான் அடிமட்டம் வைத்து அளந்து பார்த்துவிட்டேன். வாசிகசாலைச் சுவரில், ஜன்னலுக்கு வலப்பக்கத்தில், இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அங்கேயும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்துதான் வரும்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை ஓவியர் ஒருவர்,
ஆரையம்பதி.